இஸ்தான்புல்லில் ஒரு கிலோ திராட்சை

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் வைத்திருந்தது இரண்டே பேர். கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி அமலன் ஒன்று, நான் ஒன்று. அவனுடையது பிழைப்புக்கு, என்னுடையது புண்ணியத்துக்கு. ஊர்க்காரர்களோடு எருசலேம் போய்வந்த பிறகு அதை பீரோவில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்து மறந்தே போனேன்.

ஜூலைக் கடைசியில் அதை வெளியே எடுக்கவேண்டி வந்தது. இஸ்தான்புல் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது வடம் அறுந்து அமலனின் வலது காலில் அடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போச்சு, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. கப்பல் யாருக்காகவும் நிற்காது, அது தெரிந்ததுதான். நாலாம் நாள் கப்பல் கம்பெனி ஏஜெண்ட் போன் பண்ணினார். புண்ணில் சீழ் வைத்துவிட்டது, காலை எடுக்கவேண்டி வரலாம், வீட்டிலிருந்து ஒருவர் வந்தால் நல்லது என்றார்.

அமலன் மனைவி செல்விக்கு ஏழு மாசம். அம்மாவுக்குப் பாம்பன் பாலத்தைத் தாண்டினாலே தலை சுற்றும். ஆக, நான். ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக லேப் டெக்னீசியன். ஊரார் ரத்தத்தை எல்லாம் பதறாமல் பார்த்த எனக்கு, சொந்த ரத்தம் என்றதும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பையில் பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், அவனுடைய இரண்டு கைலி. வாசலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ரெண்டு காலோட கூட்டிட்டு வா, ரோஸ்லி."

நான் என்ன டாக்டரா? இருந்தாலும் "சரிம்மா, கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். ஏஜெண்ட் பிடித்துக் கொடுத்த அறையில் பையைப் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு. ஆர்மேனியர்கள் கட்டிய பழைய ஆஸ்பத்திரி என்றார்கள். பெரிய தோட்டம், நடுவே சின்ன சர்ச், நிழலில் பெஞ்சுகள். ஆஸ்பத்திரி என்றால் நமக்கு பினாயில் வாடையும் கூட்டமும்தானே. இங்கே பூனைகள் வராந்தாவில் கால் நீட்டித் தூங்கின, யாரும் விரட்டவில்லை.

வழியில் ஒரு தள்ளுவண்டியில் பச்சைத் திராட்சை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? ஒரு கிலோ வாங்கினேன். நம் ஊரில் ஆரஞ்சு, திராட்சை, ஹார்லிக்ஸ் இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் சொந்தக்காரனே மதிக்கமாட்டான்.

அமலன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். அப்புறம் உதடு கோணியது. "அக்கா, இவங்க என்னமோ பேசிக்கிறாங்க, ஒண்ணும் வெளங்கல. காலப் பத்தித்தான் பேசுறாங்க" என்றான். கால் ஒரு கம்பிச் சட்டத்துக்குள் கிடந்தது. விரல்கள் வீங்கி ஊதா நிறத்தில் இருந்தன. நான் பார்க்காத காலா? ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் உள்ளே வந்தார் அந்தப் பெரியவர். வெள்ளை மீசை, கோட்டு, கழுத்தில் ஒரு அட்டை. பெயர் ஹகோப். ஓய்வுபெற்ற பல் டாக்டர். இங்கிலீஷ் தெரியாத நர்ஸ்களுக்கும் எங்களுக்கும் நடுவில் பேசிக் கொடுக்க வந்த தொண்டர். உட்காருங்கள் என்று சொல்லி, தட்டில் திராட்சையைக் கழுவி வைத்து அவரிடமும் நர்ஸிடமும் நீட்டினேன்.

இருவரும் தட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நர்ஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் பேந்தப் பேந்த முழித்தேன். திராட்சையில் என்ன குற்றம்?

ஹகோப் சிரித்துவிட்டார். அவர் பேசியது இங்கிலீஷ், நான் என் தமிழிலேயே எழுதுகிறேன். "தாயி, இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. மாதா திருநாளை ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமை சாமியார் திராட்சையை மந்திரிப்பார். அதுக்கு முன்னாடி ஆர்மேனியர் யாரும் இந்த வருஷத்துத் திராட்சையை வாயில வைக்கமாட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமாகவும் இருந்தது. எங்கள் அய்யா புது வலையில் விழுந்த முதல் மீனை சர்ச்சுக்குக் கொடுக்காமல் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். ஒரு தடவை அமலன் சின்ன வயதில் அதில் ஒரு நண்டை ஒளித்து வைத்துச் சுட்டுத் தின்று, வாங்கிய அடி ஊருக்கே தெரியும். இதை ஹகோப்பிடம் சொன்னதும், "அப்போ உங்களுக்கு விளக்கவே வேண்டாம்" என்றார்.

ஒரு கிலோவை என்ன செய்வது? "வாசல்ல மெஹ்மெத் இருக்கான். அவன் முஸ்லிம், அவனுக்கு இந்தத் தடை கிடையாது" என்றார் ஹகோப். செக்யூரிட்டி மெஹ்மெத்திடம் பையோடு கொடுத்தேன். மறுநாளிலிருந்து என்னைக் கண்டாலே எழுந்து நின்று "அப்லா!" என்று கும்பிடாத குறை. அப்லா என்றால் அக்காவாம். பரவாயில்லையே, வந்த இரண்டாம் நாளே இங்கேயும் எனக்கு ஒரு தம்பி.

அமலனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "ஏலே, அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் நமக்கும் திராட்சை கிடையாது. உன் காலுக்காக நேர்ச்சை."

"கால் என்னோடது, நாக்கும் என்னோடது. நேர்ச்சை மட்டும் நீயா போடுற?" என்றான். வாய் மட்டும் ஒழுங்காக இருந்தது.

புதன்கிழமை சர்ஜன் அம்மா வந்தார். சுற்றி வளைக்கவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறோம், வெள்ளிக்கிழமை தியேட்டரில் புண்ணைத் திறந்து பார்ப்போம், சதை உயிரோடு இருந்தால் கால் இருக்கும், இல்லாவிட்டால் அங்கேயே முடிவெடுக்கவேண்டும் என்றார். ஹகோப் அதை எனக்குச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ரத்த ரிப்போர்ட் துருக்கியில் இருந்தது. எண்ணுக்கு ஏது மொழி? வெள்ளணு இருபத்தோராயிரம். இந்த எண்ணை எங்கள் லேபில் பார்த்தால் நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இங்கே ஓட இடமில்லை, மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

வியாழக்கிழமை ஒரு கூத்து. அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ் மாறிப் போகவேண்டும். பஸ் எங்கே என்று தெரியவில்லை, எதிரே கடலும் படகுத்துறையும் தெரிந்தன. தீவில் பிறந்த புத்தி, படகைப் பார்த்தால் ஏறத்தானே சொல்லும்? கூட்டத்தோடு ஏறிவிட்டேன். காற்று நன்றாக இருந்தது, கடல்பறவைக்கு ஆளாளுக்கு ரொட்டி வீசினார்கள். பக்கத்துப் பெண்ணிடம் ஆஸ்பத்திரி பெயரைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, நாங்கள் வந்த கரையைக் கைகாட்டினாள். அது ஐரோப்பா, நான் போய் இறங்கியது ஆசியா. பாம்பனிலிருந்து மண்டபம் போகிற நேரத்துக்குள் நான் ஒரு கண்டத்தையே தாண்டியிருக்கிறேன்.

இறங்கிய இடத்தில் பசி தாங்கவில்லை. ரொட்டிக்குள் சுட்ட மீன் வைத்து விற்றார்கள். கானாங்கெளுத்தி போலத்தான் இருந்தது. மிளகாயும் இல்லை, புளியும் இல்லை, எலுமிச்சையைப் பிழிந்து வெங்காயத்தைத் தூவிக் கொடுத்தான். மீன் நல்ல மீன், பாவம், மசாலா தெரியாத கையில் மாட்டிக்கொண்டது. கைப்பையிலிருந்து ஊறுகாயை எடுத்துத் தடவித் தின்றேன். கடைக்காரன் எட்டிப் பார்த்து விரலால் தொட்டு நக்கினான். கண்ணில் தண்ணீர் வந்தும், இன்னொரு தடவை தொட்டுக்கொண்டான். எனக்கு அந்த மூன்று நாளில் அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அமலனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடுமுன், "அக்கா, இங்கனதானே இருப்ப?" என்று கேட்டான். "வேற எங்கலே போவேன்" என்றேன். மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹகோப் வந்து தோளைத் தொட்டார். "கதவைப் பார்த்து ஒண்ணும் ஆகப்போறதில்லை. வாங்க, எங்க ஆளுங்களைக் காட்டுறேன்."

ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு சின்ன மியூசியம். ஹகோப்தான் அதற்குக் காவல், கைடு, தூசி தட்டுகிறவர் எல்லாம். சுவர் நிறையப் படங்கள். தலையில் சிவப்புக் குல்லா, நெஞ்சில் பதக்கம், முறுக்கு மீசை. எல்லோரும் சுல்தான்கள் ஆண்ட உஸ்மானிய சாம்ராஜ்யத்தின் ஆர்மேனியர்கள்.

முதல் படம், இந்த ஆஸ்பத்திரி உருவாகக் காரணமானவர். சுல்தானின் நாணயச்சாலையைப் பார்த்துக்கொண்டவர், பட்டு வியாபாரத்தில் சின்ன வேலையில் தொடங்கியவராம். அடுத்தது ஒரே குடும்பம். அப்பன், மகன், பேரன் என்று எல்லோரும் கட்டடக்காரர்கள். நேற்று படகிலிருந்து பார்த்தேனே, தண்ணீர் ஓரத்தில் வெள்ளையாக ஒரு அரண்மனை, அது இவர்கள் கட்டியது. பாலத்தடியில் ஒரு அழகான மசூதி, அதுவும் இவர்கள் கட்டியது.

"கிறிஸ்தவங்க மசூதி கட்டினாங்களா?"

"சுல்தான் கேட்டார், கட்டினாங்க. நல்லாவும் கட்டினாங்க" என்றார்.

சென்னையில் நாங்கள் அந்தோணியார் கோயிலுக்குப் போவோமே, அந்த ஆர்மேனியன் தெருவுக்கு நம் ஜனங்கள் அரண்மனைக்காரன் தெரு என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "தப்பா வைக்கலையே" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்து வெடிமருந்துச் சாலையை நடத்தியவர்கள். ஒரு வெளியுறவு மந்திரி. ராணுவ பாண்டு வாத்தியத்துக்கு வெண்கலத் தாளத்தட்டு வார்த்த குடும்பம். முஸ்லிம் பெண்கள் மேடையேறாத காலத்தில் துருக்கி நாடகத்தில் ராணியாகவும் வேலைக்காரியாகவும் நடித்த ஆர்மேனியப் பெண்கள். அப்புறம் ஒல்லியாக ஒரு பாட்டு வாத்தியார். பாட்டைக் காகிதத்தில் எழுத அவர் ஒரு குறிமுறை கண்டுபிடித்தாராம். சர்ச்சுப் பாட்டையும் எழுதினார், அரண்மனைப் பாட்டையும் எழுதினார். அவர் எழுதி வைத்திருக்காவிட்டால் சுல்தான் கேட்ட பாட்டில் பாதி இன்று யாருக்கும் தெரியாது என்றார் ஹகோப்.

ராமநாதபுரம் அரண்மனை எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கேயும் கப்பலைப் பார்க்க ஒருத்தர், கணக்கைப் பார்க்க ஒருத்தர், அவரவர் சாமி அவரவருக்கு. "இவ்வளவையும் இவங்க கையில கொடுத்துட்டு சுல்தான் என்னதான் செஞ்சார்?" என்று கேட்டேன். ஹகோப் விழுந்து விழுந்து சிரித்தார். "கையெழுத்துப் போட்டார்!"

நான் எல்லாவற்றையும் கேட்டேன், தலையாட்டினேன். காது அங்கே, மனசு தியேட்டர் வாசலில். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்ததை அவரும் பார்த்தார், கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன் தம்பிகள். சுல்தானின் ஆஸ்தான போட்டோகாரர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த இளவரசன் எல்லாம் இவர்கள் கேமரா முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். ஹகோப்பின் மேசைக்கு மேலே ஒரு பலகையில் வேறு போட்டோக்கள் இருந்தன. சாதாரண ஆட்கள். மீன்காரன் ஒருவன், பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, ஒரு கிழவர். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இவங்க யாரு?"

"இங்கே படுக்கையில் வந்து நடந்து போனவங்க. நான் பேசிக் கொடுத்த ஆளுங்க. நின்னு எடுத்தாத்தான் பலகையில் இடம்."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன். அம்மாவிடம் சொன்னதைச் சொன்னேன். வள்ளத்தில் ஒற்றைக் காலில் நிற்க முடியாது, கப்பலில் ஒற்றைக் காலனை ஏற்றமாட்டார்கள், பிறக்கப்போகிற பிள்ளையை அவன் எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பான் என்று எல்லாவற்றையும் தமிழிலேயே கொட்டினேன். அவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. டீ வரவழைத்தார். இடுப்பு சிறுத்த கண்ணாடிக் கிளாஸில் பால் இல்லாத டீ. இரண்டு சர்க்கரைக் கட்டியை அவரே போட்டுக் கலக்கினார்.

ஒரு சுவர் மட்டும் அவர் காட்டவில்லை. அந்தப் பக்கம் நான் திரும்பியபோது, "அது இன்னைக்கு வேண்டாம். உங்க தம்பி காலோட வந்தா சொல்றேன்" என்றார்.

பன்னிரண்டரைக்கு மெஹ்மெத் ஓடி வந்தான். வாசலை விட்டுவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்லா! அப்லா!" என்று. பின்னாலேயே நர்ஸ். அவள் ஹகோப்பிடம் படபடவென்று சொன்னாள். அவர் திரும்புவதற்குள் எனக்கு நூறு வயது ஆகிவிட்டது.

"சதையில் ரத்தம் ஓடுது. சுத்தம் பண்ணித் தைச்சுட்டாங்க. கால் இருக்கு."

அப்பாடா! நர்ஸைக் கட்டிக்கொண்டேன், ஹகோப் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அத்தனை மீசைக்காரர்களையும் பார்த்துக் கும்பிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டேன். "ரெண்டும் இருக்கும்மா" என்றேன். மறுமுனையில் அம்மா, "மாதாவே" என்றாள், அப்புறம் செல்வியின் அழுகை, அப்புறம் தெருவே சேர்ந்து பேசுவது கேட்டது.

சாயங்காலம் புது ரிப்போர்ட். வெள்ளணு பதினாலாயிரம். ஞாயிறன்று பதினொன்று. செவ்வாயன்று அமலன் கட்டைவிரலை அசைத்துக் காட்டினான். ஒரு விரல் அசைவதை இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு.

அதன் பிறகு நாட்கள் லேசாக ஓடின. பருப்பு சூப் எனக்குப் பழகிவிட்டது, பருப்புப்பொடி நர்ஸுக்குப் பழகிவிட்டது. ஹகோப் அமலனிடம் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். வலது கடவாய்ப் பல் சொத்தை, உடனே எடுக்கவேண்டும் என்றார். வடம் அடித்தபோதுகூட அப்படி அலறியிருக்க மாட்டான். "அக்கா, கால் போனாலும் பரவாயில்ல, பல்லுல கை வைக்கச் சொல்லாத!" என்றான். என்ன பேச்சு இது என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

சனிக்கிழமை சக்கர நாற்காலியில் அவனை மியூசியத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஹகோப் வார்த்தை தவறவில்லை, அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். கவிஞர்கள், பத்திரிகைக்காரர்கள், பார்லிமெண்ட் உறுப்பினர்கள், டாக்டர்கள். முதல் உலகப்போர் சமயத்தில் ஒரே இரவில் வீடு வீடாகப் போய் இவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை என்றார். ஊர்ப்புறங்களில் இருந்த சனங்களை மொத்தமாகப் பாலைவனம் பக்கம் நடக்க வைத்தார்கள் என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவருடைய தாத்தா இந்த ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவராக இருந்தார், தப்பித்தார். தாத்தாவின் அண்ணன் தம்பி நாலு பேர் ஊரில் இருந்தார்கள்.

அரண்மனை கட்டிக் கொடுத்து, பாட்டு எழுதிக் கொடுத்து, கடைசியில் இதுவா என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அமலன்தான் பேசினான். "எங்க ஊர்ப் பக்கம் மண்டபத்துல ஒரு கேம்ப் இருக்கு, தாத்தா. சண்டை நேரத்துல அக்கரையிலேருந்து எங்க சனம் போட்டுல வந்து எறங்கினாங்க. கையில ஒரு பை, இல்லாட்டி அதுவும் இல்ல." நான் மொழிபெயர்த்தேன்.

"திரும்பிப் போனாங்களா?" என்று கேட்டார் ஹகோப்.

"சில பேர் போனாங்க. சில பேர் இன்னும் அங்கனதான் இருக்காங்க."

ஹகோப் அமலன் தலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. இரண்டு நாள் முந்தி, ஆகஸ்ட் பதினைந்துக்குத்தான் தங்கச்சிமடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து, மாதா திருநாள் பூசையும் முடித்திருந்தார்கள், அம்மா வீடியோவில் காட்டியிருந்தாள். இங்கே தோட்டத்துச் சர்ச்சில் மேசை மேசையாகத் திராட்சை. சாமியார் பாடி, சிலுவை வரைந்து, ஆசீர்வதித்தார். சின்னச் சின்னப் பைகளில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். எங்களுக்கும் ஒன்று. வெளியே வந்தால், மெஹ்மெத் வீட்டிலிருந்து ஒரு காகிதப் பையோடு வந்து நிற்கிறான். உள்ளே ஒரு கிலோ பச்சைத் திராட்சை.

ஹகோப் சொன்னார்: "நீங்க கொடுத்ததை இவன் பிள்ளைங்க சாப்பிட்டாங்களாம். இன்னைக்குத்தான் உங்களால சாப்பிட முடியும்னு நாள் எண்ணிக்கிட்டு இருந்திருக்கான்."

ஆசீர்வதித்ததில் முதல் பழத்தை அமலன் வாயில் வைத்தேன். இரண்டாவதை என் வாயில். பன்னிரண்டு நாள் காத்திருந்த திராட்சை அப்படி இனித்தது. மெஹ்மெத்தின் பையையும் அங்கேயே பிரித்தோம்.

கிளம்புகிற அன்று அமலன் இரண்டு கட்டைகளை ஊன்றி வாசல்வரை வந்தான். நான் போனை எடுத்தேன். "ஹகோப் ஐயா, பலகைக்கு ஒரு போட்டோ."

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "எங்க ஆளுங்க சுல்தானையே நிக்க வச்சு எடுத்தவங்க, தாயி. உங்க தம்பியைக் கட்டையில் தொங்கவிட்டு எடுக்கச் சொல்றீங்களா? ஊருக்குப் போய், கட்டை இல்லாம நின்னு எடுத்து அனுப்புங்க. இடம் காலியா வச்சிருப்பேன்."

பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனபோது அமலன் ஜன்னலோரம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தான். ஸ்டேஷனில் அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கைலியைத் தூக்கி, ஒன்று, இரண்டு என்று கால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

எலும்பு ஒன்றுசேர நாளானது. இடையில் மகள் பிறந்தாள். அவள் தவழ்ந்தபோது இவன் ஒரு கட்டையில் நடந்தான், அவள் சுவரைப் பிடித்து நின்றபோது இவன் கட்டையை விட்டான்.

இந்த ஆகஸ்டில் பஸ் ஸ்டாண்டுப் பழக்கடைக்காரர் செல்விக்குத் திராட்சை கொடுத்திருக்கிறார். "இன்னும் மூணு நாள் ஆகணும்ண்ணே" என்று அவள் திருப்பிக் கொடுக்க, அவர் என்னைப் பார்த்தபோது, "உங்க வீட்ல எல்லாருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அமலனே நடந்து போய் வாங்கிவந்தான். எங்கள் ஃபாதர் காரணத்தைக் கேட்டுவிட்டு, தீர்த்தம் தெளித்துக் கொடுத்தார்.

பூசை முடிந்து கடற்கரைக்குப் போனோம். வெறுங்கால், மடித்துக் கட்டிய கைலி, ஒரு கையில் மகள், ஒரு கையில் திராட்சை. "ஏலே, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லு" என்று சொல்லி எடுத்தேன். இரண்டு பாதமும் ஈரமணலில் நன்றாகத் தெரியும்படி.

சாயங்காலமே பதில் வந்தது. அந்தப் பலகையின் படம். மேலே சுவரில் சுல்தானின் போட்டோகாரர்கள், அரண்மனை கட்டியவர்கள், பாட்டு வாத்தியார். கீழே, மீன்காரனுக்கும் பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் நடுவில், தங்கச்சிமடத்துக் கடலோரத்தில் நிமிர்ந்து நிற்கிறான் எங்கள் அமலன்.

அடியில் ஹகோப் இரண்டு வரி எழுதியிருந்தார்: "நல்லா நிக்கிறான். இனி வாயைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க."

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அமலன் இடது பக்கம் மட்டும் வைத்துத் திராட்சை மென்றுகொண்டிருந்தான்.